மேட்ச் இல்லாத நேரத்தில் விளையாட்டு வானொலி எதை விற்கிறது?

விளையாட்டு வானொலி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கமென்ட்ரிதான். டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அகில இந்திய வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே, நியூயார்க்கில் இருபத்து நான்கு மணி நேரமும் விளையாட்டுக்கென்றே ஒரு தனியார் வானொலி நிலையம் 1987 முதல் ஓடுகிறது என்று சொன்னால், "அவ்வளவு மேட்சுக்கு எங்கே போவார்கள்?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

நியாயமான கேள்வி. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 486 மணி நேரம். ஆண்டுக்கோ 8,760 மணி நேரம். ஒரு அணியின் ஆட்டங்களை ஒன்று விடாமல் ஒலிபரப்பினாலும் நூற்றில் ஆறு பங்குகூட நிரம்பாது. ஆளுக்கு 82 ஆட்டங்கள் ஆடும் கூடைப்பந்து அணி ஒன்றையும் ஐஸ் ஹாக்கி அணி ஒன்றையும் சேர்த்துக்கொண்டாலும் நூற்றில் பத்தை ஒட்டித்தான் நிற்கும்.

மிச்சம் தொண்ணூறு? அது முழுக்கப் பேச்சு. வெறும் பேச்சு. நேற்று தோற்றதைப் பற்றி, நாளை யாரை இறக்கலாம் என்பதைப் பற்றி, 20 வருஷத்துக்கு முன்னால் கோட்டைவிட்ட ஒரு கேட்சைப் பற்றி. விளையாட்டு வானொலியின் உண்மையான சரக்கு இந்தப் பேச்சுதான். மேட்ச், கடைவாசலில் தொங்கும் போர்டு. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். புரியாததால்தான் "நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள், இதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்?" என்று பலரும் கேட்கிறார்கள்.

டீக்கடையில் கிடக்கும் பேப்பர்

நம் ஊர் டீக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் தினமும் காலையில் இரண்டு பேப்பர் வாங்கி பெஞ்சில் போடுகிறார். படிப்பவர் யாரும் அதற்குக் காசு தருவதில்லை. ஆனால் ஒருவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "இவனை எதுக்குய்யா இன்னும் டீம்ல வச்சிருக்கான்?" என்று ஆரம்பிக்கிறார். எதிர் பெஞ்சிலிருந்து பதில் வருகிறது. மூன்றாவது ஆள் சேர்ந்துகொள்கிறார். ஒரு டீக்கு வந்தவர் இரண்டாவது டீயும் ஒரு வடையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். பேப்பர் செலவு. பேச்சு, ஆளை உட்கார வைக்கும் பசை. டீ வருமானம்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம். இந்தக் கடையில் டீ இலவசம். அப்படியானால் கடைக்காரர் எப்படிப் பிழைப்பார்? சுவரில் சிமென்ட் கம்பெனியும் வேட்டி கம்பெனியும் போர்டு மாட்டியிருக்கின்றன. காலையிலிருந்து ராத்திரி வரை இந்த பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்து அந்த போர்டைப் பார்க்கிறார்கள் என்பதற்காக அவை கடைக்காரருக்கு மாதாமாதம் பணம் தருகின்றன.

வணிக வானொலி என்பது இவ்வளவுதான். கேட்பவர் ஒரு பைசா தருவதில்லை. கேட்பவரின் காதைக் கொஞ்ச நேரம் வாடகைக்கு விட்டு, அதற்கான பணத்தை விளம்பரதாரரிடம் நிலையம் வாங்கிக்கொள்கிறது. பேப்பர் இருந்த இடத்தில் மேட்ச். அந்த மேட்சை ஒலிபரப்ப அணி நிர்வாகத்துக்கு நிலையம் தரும் பணத்துக்கு உரிமைக் கட்டணம் என்று பெயர். பெஞ்சில் முதல் ஆளாகச் சண்டையைக் கிளப்புகிறாரே, அவர் இருந்த இடத்தில் தொகுப்பாளர்.

ஆக, இதுவரை பார்த்ததை இப்படி வைத்துக்கொள்ளலாம்: மேட்ச் ஆளைக் கூட்டி வருகிறது, பேச்சு ஆளைப் போகவிடாமல் வைக்கிறது, விளம்பரம் கல்லாவை நிரப்புகிறது.

ஒரு நிலையத்தின் கதை

பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால் காற்றில் கோலம் போட்ட மாதிரிதான். இந்த வியாபாரத்தை முதலில் ஊன்றி நிற்க வைத்த நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் டபிள்யூ.எஃப்.ஏ.என். ஒவ்வோர் அமெரிக்க வானொலி நிலையத்துக்கும் அரசு தரும் அடையாள எழுத்துகள் உண்டு. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பெரும்பாலும் டபிள்யூவில் தொடங்கும். அந்த டபிள்யூவைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது ஃபேன். நியூயார்க்காரர்கள் "தி ஃபேன்" என்றே சொல்வார்கள். தமிழிலும் ரசிகரை "விசிறி" என்று எழுதிய காலம் உண்டு அல்லவா, அதே விசிறிதான்.

முழுநேர விளையாட்டுப் பேச்சு என்ற யோசனை திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1964-லேயே நியூயார்க்கின் டபிள்யூ.என்.பி.சி.யில் பில் மேஸர் என்பவர் நேயர்களைத் தொலைபேசியில் அழைக்கச் சொல்லி விளையாட்டு பேசிக்கொண்டிருந்தார். ஆனால் அது ஒரு நிகழ்ச்சி. நாள் முழுவதும் அதையே செய்வது வேறு சங்கதி. 1981-ல் என்டர்பிரைஸ் ரேடியோ என்ற நிறுவனம் நாடு முழுவதற்குமான விளையாட்டு வானொலி வலையமைப்பைத் தொடங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே மூடிவிட்டது. ஆகவே 1987-ல் எம்மிஸ் என்ற நிறுவனத்தின் முதலாளி ஜெஃப் ஸ்முல்யன் இதே யோசனையோடு வந்தபோது வானொலித் தொழிலில் இருந்தவர்கள் சிரித்ததில் வியப்பில்லை.

எம்மிஸிடம் அப்போது 1050 ஏ.எம். அலைவரிசையில் டபிள்யூ.எச்.என். என்ற நிலையம் இருந்தது. கன்ட்ரி இசை, அதாவது அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாட்டு, ஒலிபரப்பும் நிலையம். அதோடு, நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியின் ஒலிபரப்பு உரிமையும் அதன் கையில் இருந்தது. மெட்ஸ் 1986-ல்தான் அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான உலகத் தொடரை வென்றிருந்தது. ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. பாட்டைத் தூக்கிவிட்டு அந்தப் பேச்சையே சரக்காக்கினால் என்ன?

1987 ஜூலை 1, பிற்பகல் 3 மணி. 1050-ல் பாட்டு நின்றது. விளையாட்டுச் செய்தியோடு முதலில் ஒலித்த குரல் சூசன் வால்ட்மேன் என்ற பெண்ணுடையது. விளையாட்டு வானொலி ஆண்கள் சாம்ராஜ்யம் என்று பேசுபவர்கள் இந்தத் தகவலை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு பழங்கதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்த நிலையம் பிற்பாடு போய்ச் சேர்ந்த 660 அலைவரிசையின் பரம்பரையைத் தோண்டினால், 1922-ல் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனம் நடத்திய டபிள்யூ.ஈ.ஏ.எஃப். என்ற நிலையத்தில் போய் முடியும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 28-ம் தேதி, குவீன்ஸ் பகுதியில் இருந்த ஜாக்சன் ஹைட்ஸ் அடுக்குமாடி வீடுகளைப் பற்றி ஒருவர் அந்த நிலையத்தில் பத்து நிமிடம் பேசினார். அதற்குக் கட்டணம் 50 டாலர். காசு வாங்கிக்கொண்டு ஒலிபரப்பிய முதல் வானொலி விளம்பரம் என்று வரலாற்றில் பதிவானது அதுதான். ரியல் எஸ்டேட்காரர்கள் எல்லா நாட்டிலும் முந்திக்கொள்கிறார்கள்!

"உள்ளூர்" என்பதற்கு என்ன அர்த்தம்

தொடங்கிய புதிதில் தி ஃபேன் தடுமாறியது. காரணம் சுவாரஸ்யமானது. முதல் தொகுப்பாளராக அமர்த்தப்பட்டவர் ஜிம் லாம்ப்ளி. தேசியத் தொலைக்காட்சியில் பெயர் பெற்றவர். காலை நேரத்துக்கு கிரெக் கம்பல், அவரும் தொலைக்காட்சி முகம். மாலை நேரத்துக்கு கிளீவ்லாந்து நகரில் கொடிகட்டிப் பறந்த பீட் ஃபிராங்க்ளினை அழைத்து வந்தார்கள். எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் நியூயார்க்காரனுக்கு அவர்கள் விருந்தாளிகள்.

நம் தெரு டீக்கடைக்கு அடுத்த மாவட்டத்திலிருந்து ஒருவர் வந்து, நம் ஊர் கபடி அணியைப் பற்றி நமக்கே பாடம் நடத்தினால் எப்படி இருக்கும்? விஷயம் சரியாகவே இருந்தாலும் கடுப்பாகத்தான் இருக்கும். விளையாட்டுச் சண்டையில் தகவலைவிட உறவு முக்கியம். தோல்வி வலிக்கிறவன்தான் தோல்வியைப் பற்றிப் பேசலாம்.

1989 செப்டம்பரில் ஃபிராங்க்ளினின் இடத்துக்கு இரண்டு உள்ளூர்க்காரர்கள் வந்தார்கள். மைக் ஃபிரான்செசா, கிறிஸ் ரூஸோ. இருவரும் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் வளர்ந்தவர்கள். முன்னவர் எல்லாம் தெரிந்த பெரியவர் தோரணையில் நிதானமாகத் தீர்ப்புச் சொல்வார். பின்னவர் கீச்சுக் குரலில், வார்த்தைகள் ஒன்றோடு ஒன்று மோதி விழ, உணர்ச்சிவசப்பட்டுக் கத்துவார். அதனால் "மேட் டாக்", வெறிநாய், என்று பட்டப்பெயர். ஒருவர் நியூயார்க்கின் இன்னொரு பேஸ்பால் அணியான யாங்கீஸின் விசிறி. மற்றவர் நியூயார்க்கில் இருந்துகொண்டே சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் விசிறி. அதற்காகவே தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வார். "மைக் அண்ட் தி மேட் டாக்" என்ற அந்த நிகழ்ச்சி 2008 ஆகஸ்ட் வரை, கிட்டத்தட்ட 19 ஆண்டுகள் ஓடியது. இன்று அமெரிக்காவில் எந்த ஊரில் விளையாட்டு வானொலியைத் திருப்பினாலும் இரண்டு பேர் மாறுபட்ட சுதியில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்கெல்லாம் அச்சு இங்கே வார்த்ததுதான்.

நியூயார்க்குக்கு ஒரு கூடுதல் வசதியும் இருந்தது. அந்த நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து அப்போது இரண்டு பேஸ்பால், இரண்டு அமெரிக்கக் கால்பந்து, இரண்டு கூடைப்பந்து, மூன்று ஐஸ் ஹாக்கி என ஒன்பது அணிகள். ஒரு வீட்டில் அப்பா யாங்கீஸ், பிள்ளை மெட்ஸ். எந்த மாதத்திலும் ஏதோ ஒரு அணி தோற்றுக்கொண்டே இருக்கும். பேச்சு வானொலிக்கு வெற்றியைவிடத் தோல்விதான் லாபம் என்பது என் கணிப்பு. ஜெயித்தவன் இரண்டு நிமிடம் பேசிவிட்டுத் தூங்கப் போய்விடுவான். தோற்றவன் விடிய விடியப் பேசுவான்.

நேரலையில் ஒரு நேயர் வந்து சேரும் வழி

நேயர் அழைப்பு என்பது பார்ப்பதற்கு யாரோ போன் செய்கிறார், யாரோ எடுக்கிறார் என்பது போலத்தான் இருக்கும். உள்ளே அப்படி இல்லை.

அழைப்பு முதலில் போவது தொகுப்பாளரிடம் அல்ல, வடிகட்டுபவர் ஒருவரிடம். பெயர் என்ன, எந்தப் பகுதி, என்ன சொல்லப் போகிறீர்கள் என்று அவர் கேட்பார். சரியான ஆள் என்று பட்டால் வரிசையில் காத்திருக்க வைத்து, தொகுப்பாளரின் திரையில் ஒரு வரி எழுதிவிடுவார்: இன்ன பகுதிக்காரர், பயிற்சியாளரைத் தூக்க வேண்டும் என்கிறார். தொகுப்பாளர் அந்தப் பட்டியலைப் பார்த்து அடுத்தது யார் என்று முடிவு செய்கிறார். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் எடுப்பவர் இலையையும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பார் அல்லவா, அந்தக் கண் இதற்கு வேண்டும். ஒரே கருத்துள்ள மூன்று பேரை அடுத்தடுத்து விட்டால் நிகழ்ச்சி படுத்துவிடும்.

அப்புறம், நீங்கள் கேட்பது அந்த நொடியில் பேசப்படுவது அல்ல. பேச்சு சில நொடிகள் பிடித்து வைக்கப்பட்டு, அதற்குப் பிறகுதான் ஒலிபரப்பாகிறது. இதற்குத் தாமத ஒலிபரப்பு என்று பெயர். யாராவது கெட்ட வார்த்தையில் இறங்கிவிட்டால் ஒரு பொத்தானை அழுத்தி அந்தச் சில நொடிகளை விழுங்கிவிடலாம். "ரேடியோ சத்தத்தைக் குறைச்சுட்டுப் பேசுங்க" என்று அழைத்தவரிடம் சொல்வது இதனாலும்தான். தன் குரலே சில நொடி தாமதித்துக் காதில் விழுந்தால் யாருக்கும் பேச்சு குழறும்.

பொருளாதாரமாகப் பார்த்தால் இது அற்புதமான ஏற்பாடு. பாட்டு ஒலிபரப்பினால் பாட்டின் உரிமையாளருக்குக் காசு. நாடகம் என்றால் நடிகருக்குக் காசு. இங்கே பாதி நிகழ்ச்சியை நேயரே இலவசமாகத் தயாரித்துக் கொடுக்கிறார். அதுவும், "ரொம்ப நாளா கேக்கிறேன், இப்பதான் முதல் தடவையா பேசறேன்" என்று நன்றி சொல்லிவிட்டு.

நள்ளிரவில் இது இன்னும் நெருக்கமாக மாறும். தி ஃபேனில் ஸ்டீவ் சோமர்ஸ் என்பவர் நீண்ட காலம் இரவு நேரத்தைக் கவனித்துக்கொண்டார். எழுதி வைத்துப் படிக்கும் அங்கதமான முன்னுரை, தணிந்த குரல், அவசரமில்லாத பேச்சு. டாக்ஸி ஓட்டுநர்கள், காவலாளிகள், தூக்கம் வராதவர்கள் என்று ஒரு தனிக் கூட்டம் அவருக்கு இருந்தது. 1987-ல் சேர்ந்தவர் 2021-ல்தான் விடைபெற்றார்.

660: ஒரு எண்ணின் விலை

1988 அக்டோபர் 7, மாலை 5.30 மணிக்கு தி ஃபேன் 1050-ஐ விட்டு 660 அலைவரிசைக்கு மாறியது. ஜி.இ. நிறுவனம் 1986-ல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தை வாங்கியபோது, டபிள்யூ.என்.பி.சி.யை நடத்திய என்.பி.சி.யும் அதோடு வந்திருந்தது. புதிய முதலாளிக்கு வானொலியில் அக்கறை இல்லை, நிலையங்களை விற்றார்கள். அப்படித்தான் டபிள்யூ.என்.பி.சி.யின் 660 எம்மிஸிடம் வந்தது. ஆமாம், 1964-ல் பில் மேஸர் நேயர்களோடு பேசிக்கொண்டிருந்த அதே அலைவரிசை.

இந்த எண் மாற்றத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதற்கு ஏ.எம். அலை எப்படிப் போகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். பகலில் அது தரையை ஒட்டியே நகர்கிறது. பூமிக்கு மேலே, சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு ஒன்று உண்டு, அதுதான் அயனிமண்டலம். பகலில் அதன் கீழ்ப்பகுதி மேலே வரும் ஏ.எம். அலையை உறிஞ்சிவிடும். இரவில் அந்தக் கீழ்ப்பகுதி கலைந்துவிட, அலை இன்னும் உயரே போய், கூரையில் பட்ட பந்து போலத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி விழும். பகலில் இரைச்சலாக இருந்த தொலைதூர நிலையம் ராத்திரியில் பளிச்சென்று கேட்பதன் ரகசியம் இதுதான்.

இதில் ஒரு சிக்கல். எல்லா நிலையமும் இரவில் இப்படித் தாவினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கூச்சலாகிவிடும். அதனால் சில எண்களை அரசு ஒதுக்கி, இரவில் மற்ற நிலையங்கள் அதில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று விதித்தது. இவற்றைத் தெளிவு அலைவரிசை என்று சொல்லலாம். 660 அப்படிப்பட்டது. அமெரிக்காவில் ஏ.எம். நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச சக்தியான 50,000 வாட்டில், எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பாயும். 1050-க்கும் சக்தி உண்டுதான். ஆனால் அதே எண்ணில் இருக்கும் மற்ற நிலையங்களுக்கு இடைஞ்சல் தராமலிருக்கச் சில திசைகளில் அடக்கி வாசிக்க வேண்டியிருந்தது. முட்டுச்சந்துக் கடையை மெயின் ரோட்டுக்கு மாற்றிய மாதிரி ஆனது.

660-ஐ ஒலிபரப்பும் கோபுரம் பிராங்க்ஸ் பகுதியை ஒட்டிய ஹை ஐலண்ட் என்ற குட்டித் தீவில் நிற்கிறது. 880 என்ற இன்னொரு நிலையத்தோடு பகிர்ந்துகொள்ளும் கோபுரம். 1967 ஆகஸ்ட் 27-ல் சிறிய விமானம் ஒன்று மோதி அங்கிருந்த கோபுரம் சாய்ந்தது. மறுநாள்தான் 880 முழுநேரச் செய்தி நிலையமாக அவதாரம் எடுக்க இருந்தது. வேறு வழியில்லாமல் செய்தி வாசிப்பை எஃப்.எம்.மில் தொடங்கினார்கள்.

660-ஓடு சேர்ந்து நிக்ஸ் கூடைப்பந்து, ரேஞ்சர்ஸ் ஹாக்கி அணிகளின் ஒலிபரப்பு ஒப்பந்தங்களும் வந்தன. கூடவே டான் ஐமஸ் என்ற மனிதரும் வந்தார். விளையாட்டு வானொலி பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் இடம் இது. ஐமஸ் விளையாட்டுக்காரர் அல்ல. அரசியல், கிண்டல், வம்பு. காலை வேளையில் அவரைக் கேட்க அரசியல்வாதிகளும் பத்திரிகையாளர்களும் வரிசையில் நின்றார்கள். உலகின் முதல் முழுநேர விளையாட்டுப் பேச்சு நிலையத்துக்குக் காலையில் சோறு போட்டது விளையாட்டே இல்லாத நிகழ்ச்சி! 2007 ஏப்ரலில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பற்றி அவர் சொன்ன இனவெறிப் பேச்சால் வேலையை இழக்கும் வரை இது நீடித்தது.

காதை எண்ணுவது எப்படி

சரி, விளம்பரதாரர் எதை நம்பிப் பணம் தருகிறார்? டீக்கடை பெஞ்சில் எத்தனை பேர் என்று எண்ணிவிடலாம். வானொலிக்கு?

பல்லாண்டுகளாக ஆர்பிட்ரான் என்ற நிறுவனம் தேர்ந்தெடுத்த சில வீடுகளுக்கு நோட்டு அனுப்பும். ஒரு வாரம் எந்த நிலையத்தை எப்போது கேட்டீர்கள் என்று அவர்களே எழுதி அனுப்ப வேண்டும். ஞாபகத்தில் நிற்கும் பெயரைத்தான் மனிதன் எழுதுவான். ஆகவே நிலையத்தின் பெயரை நிமிடத்துக்கொரு முறை சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றினார்கள். 2008-ல் நியூயார்க்கில் அந்த நோட்டின் இடத்தை ஒரு கையடக்கக் கருவி பிடித்தது. மனிதக் காதுக்கு எட்டாத ஒரு குறிப்பொலியை நிலையம் தன் ஒலிபரப்பில் கலந்து அனுப்பும். இடுப்பில் செருகியிருக்கும் கருவி அதைக் கேட்டுப் பதிந்துகொள்ளும்.

இரண்டு முறைக்கும் பொதுவான ஒரு விதி 2024 வரை இருந்தது. நாளைக் கால் மணி நேரத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒரு துண்டில் குறைந்தது ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் அந்தத் துண்டு முழுவதற்கும் நீங்கள் கணக்கில் வந்துவிட்டீர்கள். தொகுப்பாளர் விளம்பர இடைவேளைக்கு முன்னால், "அந்த வீரரை விற்கப் போகிறார்களா? வந்து சொல்கிறேன்" என்று தொங்கலில் விட்டுப் போவது வெறும் நாடகம் அல்ல, அடுத்த துண்டில் உங்களை இன்னும் சில நிமிடம் பிடித்து வைக்கும் கணக்கு. தி ஃபேனில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஸ்கோர் நிலவரம் சொன்னதும் அதே வழக்கத்துக்கு நல்ல துணை.

மொத்தத் தலையெண்ணிக்கையில் விளையாட்டு வானொலி பாட்டு நிலையங்களுக்குப் பின்னால்தான் நிற்கும். ஆனால் அந்தத் தலைகள் பெரும்பாலும் 25 முதல் 54 வயது வரையிலான, சம்பாதிக்கும் ஆண்கள். கார் கம்பெனியும் பீர் கம்பெனியும் தேடுவது அவர்களைத்தான். டிராக்டர் விற்பவருக்குத் திருவிழாக் கூட்டத்தைவிட விவசாயிகள் கூடும் சந்தை மேல் என்பது போல. அதோடு, விளம்பரத்தைத் தொகுப்பாளரே தன் வாயால் படிப்பார். தினமும் நான்கு மணி நேரம் வீட்டு மனிதர் போலப் பேசுபவர், "நான் இந்தக் கடையில்தான் மெத்தை வாங்கினேன்" என்றால் அதற்குத் தனி மதிப்பு, தனி விலையும்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. ஸ்முல்யன் 1989-ல் சியாட்டில் மாரினர்ஸ் பேஸ்பால் அணியை வாங்கிக் கடனில் மாட்டிக்கொண்டதால், 1992-ல் தி ஃபேனை இன்ஃபினிட்டி நிறுவனத்துக்கு விற்றார். விலை 7 கோடி டாலர். தனி ஏ.எம். நிலையம் ஒன்றுக்கு அதுவரை யாரும் தராத தொகை. 1990-களின் நடுவில் விளம்பர வருமானத்தில் நாட்டிலேயே முதலிடத்துக்கு வந்தது. சிரித்தவர்கள் எல்லாரும் தங்கள் ஊரில் ஒன்று தொடங்கினார்கள். விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமான இ.எஸ்.பி.என்.னின் ரேடியோ 1992 ஜனவரி 1-ல் வந்தது. சிகாகோவில் தி ஸ்கோர் அதே ஆண்டில்.

அப்படியானால் மேட்ச் உரிமைக்கு ஏன் அடித்துக்கொள்கிறார்கள்?

பேச்சுதான் சரக்கு என்றால், கோடிக்கணக்கில் கொட்டி மேட்சை வாங்குவானேன்? பேப்பர் போடாத டீக்கடையை யோசித்துப் பாருங்கள். மேட்ச் கேட்க வந்தவர் ஆட்டம் முடிந்ததும் அதே எண்ணில் புலம்பலையும் கேட்பார். மறுநாள் காரைக் கிளப்பும்போது வானொலி அதே எண்ணில்தான் நிற்கும். ஒரு அணியின் ஒலிபரப்பைத் தயாரித்து மற்ற ஊர் நிலையங்களுக்கும் அனுப்பும் தலைமை நிலையம் என்ற அந்தஸ்தும் சும்மா கிடைப்பதில்லை.

ஆனாலும் அது பந்தமல்ல, ஒப்பந்தம். தொடக்கத்திலிருந்தே கூடவே இருந்த மெட்ஸ் 2013 பருவத்தோடு போய்விட்டது. 2014 முதல் யாங்கீஸ் வந்தது. 25 பருவம் மெட்ஸ் கேட்ட 660-ல் யாங்கீஸா என்று மெட்ஸ் விசிறிகள் கொதித்தார்கள். எங்கே கொதித்தார்கள்? அதே 660-க்குப் போன் செய்துதான். யாங்கீஸ் வர்ணனைக் குழுவில் 2005 முதல் இருந்தவர் சூசன் வால்ட்மேன். ஆக 1987-ல் நிலையத்தைத் திறந்துவைத்த குரல் திரும்பவும் வந்து சேர்ந்தது.

சுருக்கமாக, மேட்ச் நேரடியாகப் போட்ட காசை எடுத்துத் தராவிட்டாலும், மேட்ச் இல்லாத மணி நேரங்களுக்கு ஆள் சேர்த்துத் தருகிறது. அணி மாறினாலும் சண்டை மாறுவதில்லை என்பதால் நிலையம் பிழைத்துக்கொள்கிறது.

இப்போதைய நிலவரம்

2012 நவம்பரில் தி ஃபேன் 101.9 எஃப்.எம்.மிலும் ஒலிக்கத் தொடங்கியது. ஒரே நிகழ்ச்சி இரண்டு அலைவரிசையில் ஒரே நேரத்தில் போனது. நகருக்குள் ஏ.எம். இரைச்சலோடு மல்லுக்கட்ட இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை. 2017-ல் நிலையம் என்டர்காம் கைக்குப் போனது. அந்த நிறுவனமே 2021-ல் ஆடசி என்று பெயர் மாற்றி, 2024 ஜனவரியில் கடன் சுமையால் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. விளம்பரப் பணம் இணையத்துக்கும் பாட்காஸ்டுக்கும் ஒழுகிவிட்டது.

ஒழுகிய இடத்தை நிரப்பியவை விளையாட்டுப் பந்தய நிறுவனங்கள். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பந்தயத்துக்கு இருந்த தேசியத் தடையை நீக்கியது. 2022 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தில் கைபேசி வழியே பந்தயம் கட்டுவது நடைமுறைக்கு வந்தது. இன்று விளையாட்டு வானொலியைக் கேட்டால் யார் ஜெயிப்பார் என்பதைவிட எத்தனை புள்ளி வித்தியாசத்தில் என்ற பேச்சு காதில் அதிகம் விழுகிறது. எனக்கு இது உவப்பாக இல்லை. டீக்கடைச் சண்டையில் தோற்றவன் வாயை மட்டும்தான் மூடிக்கொள்வான். பையைக் காலி செய்துகொண்டு போவதில்லை.

1988-ல் தி ஃபேன் விட்டுவிட்டுப் போன 1050 என்ன ஆயிற்று? சில கைகள் மாறி, 2001-ல் இ.எஸ்.பி.என்.னிடம் போய் நேரடிப் போட்டியாக எதிரே நின்றது. 2024 ஆகஸ்டில் இன்னொரு மாற்றம். ஹை ஐலண்டில் கோபுரத்தைப் பகிர்ந்துகொண்டிருந்த 880, 57 ஆண்டுகளுக்குப் பிறகு செய்தியை நிறுத்திவிட்டு, இ.எஸ்.பி.என். பெயரில் விளையாட்டு பேச ஆரம்பித்தது. 2019 முதலே மெட்ஸ் ஆட்டங்கள் அங்கேதான். ஆகவே இப்போது அந்தக் குட்டித் தீவின் ஒரே கோபுரத்திலிருந்து யாங்கீஸ் 660-ல் கிளம்புகிறது, மெட்ஸ் 880-ல் கிளம்புகிறது.